சோப்பு எங்கே சார்?

1917 வாக்கில் நீங்கள் அமெரிக்காவில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவியதற்காக உங்களுக்கு 'நைட்' பட்டம் கொடுத்திருப்பார்கள். விளையாட்டில்லை. குதிரை, ஈட்டி, இரும்புச் சட்டை சகிதம் உலா வந்த ஐரோப்பிய மாவீரர்களின் அதே பட்டம்தான். அவர்கள் அதற்காக ஜெருசலேம் வரை படையெடுத்துப் போய் உயிரை விட்டார்கள். உங்களுக்குக் குழாயடி வரை போனால் போதும்.

மாதக்கணக்கில் இரும்புக்குள் வியர்த்து வழிந்துகொண்டு ஊர் ஊராகப் போன ஆசாமிகளைச் சுத்தத்துக்கு மாடலாக நிறுத்தத் தனி தைரியம் வேண்டும். அந்த தைரியசாலியிடம் அப்புறம் வருவோம். பிள்ளைகளின் கையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால், பெரியவர்களின் கை எந்த லட்சணத்தில் இருந்தது என்று ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

1843-ல் பாஸ்டன் டாக்டர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். பிரசவித்த தாய்மார்களைக் கொல்லும் காய்ச்சலை ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குச் சுமந்து போவது வேறு யாருமில்லை, டாக்டர்கள்தான் என்றார். பிலடெல்பியாவின் பெரிய பிரசவப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்ன பதிலின் சாரம் இது: டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமாகத்தான் இருக்கும். கேஸ் குளோஸ்டு. மைக்ராஸ்கோப்பெல்லாம் எதற்கு, ஆள் கோட்டு போட்டிருக்கிறாரா என்று பார்த்தால் போதாதா?

நாலு வருஷம் கழித்து வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ். பிணத்தை அறுத்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்த டாக்டர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். 1847 ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு ஜூலையில் ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்றைக்கு என்றால் டெட் டாக், நெட்ஃபிளிக்ஸ் டாக்குமெண்டரி, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் எல்லாம் நிச்சயம். மனிதர் என்ன செய்தார்? அநேகமாகப் பேசாமல் இருந்தார். பதினாலு வருஷம் கழித்து, 1861-ல்தான் புத்தகம் போட்டார்.

அதற்குப் பிறகு பேசாமல் இருக்கவில்லை, அதுதான் வம்பு. ஒத்துக்கொள்ளாத பேராசிரியர்களுக்குக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்கள் போட்டார். சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 'கொலைகாரப் பாவிகளே' என்று மீட்டிங்கைத் தொடங்கும் மேனேஜரின் யோசனையை எந்த ஆபீசிலாவது அமல்படுத்தியிருக்கிறார்களா? 1865-ல் 47 வயதில் மனநல விடுதியில் செத்துப்போனார், பாவம். இன்றைக்கு அவருக்கு ஊர் ஊராகச் சிலை இருக்கிறது. கை கழுவுவதைவிடச் சிலை வைப்பது நமக்கு எப்போதுமே சுலபமாக வரும்.

பெரியவர்கள் லேசில் திருந்தமாட்டார்கள் என்று தெரிந்ததும் உலகம் வழக்கமாகச் செய்வதைச் செய்தது. பிள்ளைகளைப் பிடித்தது.

நியூயார்க், 1902. பள்ளிக்கூடங்களுக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் திட்டம் ஏற்கெனவே இருந்தது. மாதம் 30 டாலர் சம்பளம், தினம் ஒரு மணி நேரம் வேலை. அப்படி வேலை பார்த்த ஜோசபின் பேக்கர் என்ற பெண் டாக்டர், அது வெறும் கேலிக்கூத்து என்று பின்னாளில் போட்டு உடைத்துவிட்டார். இதைச் சீர்திருத்த வேண்டும் என்று நகராட்சிக்கு ஒரு நாள் ஞானோதயம் வந்தது. இனிமேல் கண்டிப்பான சோதனை. கண் சிவந்திருக்கிறதா, தலையில் பேன் இருக்கிறதா, தோலில் படை இருக்கிறதா? இருந்தால் ஒரு சீட்டு, நேரே வீட்டுக்கு.

திட்டம் அமோக வெற்றி. எவ்வளவு வெற்றி என்றால், வகுப்பு காலியாகிவிட்டது! அந்தச் செப்டம்பரில் மட்டும் 10,567 பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அப்பா அம்மா இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். சீட்டில் எழுதியிருந்த டாக்டர் இங்கிலீஷ் அவர்களுக்கு எந்த ஜென்மத்தில் புரியும்? மருந்து போட ஆள் இல்லை. பையன் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். சாயங்காலம் பெல் அடித்ததும் சிநேகிதர்கள் வெளியே வந்து அவனோடு சேர்ந்துகொண்டார்கள். பகலில் வாசலில் தடுத்து நிறுத்திய தொற்று, நாலு மணிக்கு மேல் ஓவர்டைம் பார்த்தது.

இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் லில்லியன் வால்ட். ஹென்றி தெருவில் ஏழைகளுக்காக நர்ஸ் சேவை நடத்தியவர். ஒரு நர்ஸை ஒரு மாசத்துக்குக் கடன் கொடுக்கிறேன், வைத்துப் பாருங்கள் என்றார். அக்டோபரில் நாலு பள்ளிக்கூடங்களில் வேலைக்கு நுழைந்தார் கனடாக்காரரான லினா ராஜர்ஸ். அவர் செய்ததில் மேதாவித்தனம் ஒன்றுமே கிடையாது. புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, பையனைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பினார். சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், அந்தம்மாவிடம் எப்படிக் கழுவ வேண்டும், எதைத் தடவ வேண்டும் என்று செய்தே காட்டினார். அடுத்த செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 1,101. பத்தில் ஒன்பது பங்கு 'நோய் லீவு' உண்மையில் சீட்டு லீவு!

நல்லது நடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஜோசபின் பேக்கர் பிறகு நகரத்தின் குழந்தைகள் நலத் துறைக்கே தலைவியானார். அப்போது புரூக்ளின் டாக்டர்கள் சிலர் மேயருக்கு ஒரு மனு போட்டார்கள். இந்தத் துறை குழந்தைகளை ஆரோக்கியமாக வைத்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது, இழுத்து மூடுங்கள் என்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள் ஐயா! பேக்கருக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த ஆகச் சிறந்த சர்டிபிகேட் அதுதான்.

சரி, கை. பிள்ளைகள் கை கழுவுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதில் துடைப்பார்கள்? அன்றைய பள்ளிக்கூடத்தில் உருளையில் மாட்டிய ஒரே ஒரு நீளத் துண்டு தொங்கும். காலையில் முதலில் வந்தவனுக்கு அது துண்டு. சாயங்காலம் கடைசியில் வருகிறவனுக்கு அது அன்றைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். யார் யார் வந்தார்கள், யாருக்கெல்லாம் சளி, எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

பக்கத்திலேயே தண்ணீர் வாளி, சங்கிலி போட்ட ஒரே தகர டம்ளர். 1908-ல் ஆல்வின் டேவிசன் என்ற பேராசிரியர் ஒரு பள்ளி டம்ளரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, பள்ளிக்கூட டம்ளரில் எமன் குடியிருக்கிறான் என்கிற ரீதியில் பத்திரிகையில் எழுதினார். மறு வருஷமே கான்சஸ் மாநிலம் பொது டம்ளருக்குத் தடை போட்டது. தடை போடவைத்த சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன் லேசுப்பட்டவர் இல்லை. நடைபாதையில் துப்பாதே என்று செங்கல் சூளைக்காரர்களைச் செங்கல்லிலேயே அச்சடிக்கவைத்தவர். தலையைக் குனிந்து துப்பப் போகிறவன் முதலில் அதைப் படித்தாக வேண்டும். என்ன ஒரு மூளை!

துண்டுக்கு விடிவு பிறந்த கதையை ஸ்காட் பேப்பர் கம்பெனிக்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். 1907-ல் ஒரு வேகன் நிறைய டாய்லெட் பேப்பர், தவறுதலாகத் தடிமனாகச் சுற்றி வந்துவிட்டதாம். விற்கவும் முடியாது, சும்மா கொடுத்தாலும் வாங்குகிறவர் அழுவார். முதலாளி ஆர்தர் ஸ்காட்டுக்கு அப்போது ஒரு டீச்சர் ஞாபகம் வந்தது. மூக்கொழுகும் பிள்ளைகள் பொதுத் துண்டைத் தொடக் கூடாது என்று ஆளுக்கொரு பேப்பர் துண்டு கிழித்துக் கொடுத்தவர். உடனே அந்தத் தடிப் பேப்பரை வரிசையாக ஓட்டை போட்டுக் கிழிக்கும்படி செய்து, 'சானி டவல்' என்று பெயர் சூட்டினார். டீச்சர் பெயரைக் கதை சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. அந்தப் பேப்பர் எத்தனை தடிமன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

இப்போது நம் மாவீரர்கள் வரலாம். தேசியக் காசநோய்ச் சங்கம் கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் விற்று நிதி திரட்டும். வீடு வீடாகப் போய் விற்க யார் கிடைப்பார்கள்? பள்ளிப் பிள்ளைகள். விற்றுக் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு சர்டிபிகேட் தரலாம் என்றார் சார்லஸ் டிஃபாரஸ்ட் என்ற ஊழியர். அதில் நாலு ஆரோக்கிய விதிகளையும் போட்டுவைத்தார். நாளடைவில் ஸ்டாம்ப் பின்னுக்குப் போய் விதிகள் முன்னுக்கு வந்தன. அதுதான் 'நவீன ஆரோக்கியச் சிலுவைப் போர்'.

ஒரு அட்டை கொடுப்பார்கள். தினமும் டிக் போட வேண்டிய வேலைகள் வரிசையாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவினேனா? நகத்தைச் சுத்தம் செய்தேனா? முகத்தோடு காதையும் கழுத்தையும் சேர்த்துக் கழுவினேனா? விரலையும் பென்சிலையும் வாயில் வைக்காமல் இருந்தேனா? டீ, காபி தொடாமல் இருந்தேனா? ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து மணி நேரம் தூங்கினேனா? வாரக்கணக்கில் முக்கால்வாசி டிக் விழுந்தால் முதலில் ஸ்குவையர், அப்புறம் நைட், அதற்கும் மேலே நைட் பேனரெட். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ். மொபைல் ஆப்பில் ஸ்ட்ரீக் போய்விடக் கூடாதே என்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அலறி எழுகிற தலைமுறைக்கு இந்த நோயைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். நிஜமாகவே தினம் தினம் கழுவினார்களா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரே பேனாவில், ஒரே மூச்சில், ஏழு நாளுக்கும் டிக் போடுவது எப்படி என்பது ஹோம்வொர்க் டைரி வைத்திருந்த எவருக்கும் தெரியும். என் சந்தேகம் அதுவல்ல. காசநோய் காற்று வழியாகப் பரவுகிற வியாதி. விடிய விடியக் கை கழுவினாலும் அது கண்டுகொள்ளாது. ஆக, கை கழுவுதலுக்கு இவ்வளவு பிரமாண்டமான விளம்பரம் செய்தது, கை கழுவினால் போகாத ஒரு வியாதியின் எதிரிகள்! ஆனால் பிள்ளைகள் கழுவிய அளவுக்கு வயிற்றுப்போக்குக்கு நஷ்டம்தான். எய்தது ஒரு மாமரத்தை, விழுந்தது பக்கத்து வீட்டுத் தேங்காய்.

மாவீரர்கள் கழுவினால் லாபம் யாருக்கு? நீங்கள் நினைத்ததைத்தான் சோப்புக் கம்பெனிக்காரர்களும் நினைத்தார்கள். 1920-களில் அவர்களுக்கு ஒரு வயிற்றுவலி இருந்தது. தார் ரோடு வந்து புழுதி போனது. மின்சாரம் வந்து அடுப்புக்கரி போனது. குதிரை போய்க் கார் வந்தது. நாட்டில் அழுக்கு குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு பெரிய துயரம்! போதாக்குறைக்குப் பெண்கள் அழகாவதற்கு சோப்பை விட்டுவிட்டு பவுடருக்கும் கிரீமுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

உடனே போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடி 1927-ல் 'சுத்த நிறுவனம்' என்று ஒன்றைத் தொடங்கின. எந்த சோப்பையும் பெயர் சொல்லி விற்காது. சுத்தத்தை மட்டும் விற்கும். பள்ளிக்கூடங்களுக்குக் கதைப் புத்தகம், போஸ்டர், டீச்சருக்குப் பாடக் குறிப்பு என்று அனுப்பித் தள்ளியது. உலகத்துப் பிள்ளைகள் எப்படி எப்படிக் குளிக்கிறார்கள் என்று ஒரு புத்தகம். சோப்பும் தண்ணீரும் கடந்து வந்த வரலாறு என்று இன்னொன்று. நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்லக் கூடாது. முதலாளிகளின் நோக்கம் சந்தேகத்துக்குரியதாக இருந்தும் விஷயம் சரியாக இருந்த அபூர்வத் தருணங்களில் இது ஒன்று.

ப்ராக்டர் அண்ட் கேம்பிள் வேறு ரூட்டில் போனது. அவர்கள் பிடித்த ஆள் எட்வர்ட் பெர்னேஸ். சிக்மண்ட் ஃப்ராய்டின் மருமான். மக்கள் மனசைத் திருப்புவது குடும்பத் தொழில். பிள்ளைகளுக்கு சோப்பு என்றாலே வெறுப்பு, அதை எப்படி மாற்றுவது? கழுவச் சொல்லாதே, செதுக்கச் சொல் என்றார் பெர்னேஸ். 1924-ல் தொடங்கியது ஐவரி சோப்பில் சிற்பம் செதுக்கும் தேசியப் போட்டி. வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து யானை, நாய், ஆபிரகாம் லிங்கன் என்று செதுக்கித் தள்ளினார்கள். சோப்பு டன் கணக்கில் தீர்ந்தது. கையில் தண்ணீர் படாமலேயே!

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே அந்தச் சுத்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. பள்ளிக்கூடங்களில் கை கழுவ என்னதான் இருக்கிறது என்று ஆள் விட்டுப் பார்த்தது. பல இடங்களில் சோப்பு இல்லை. வெந்நீர் இல்லை. துடைக்க ஒன்றும் இல்லை. போஸ்டர் இருந்தது. பட்டம் வாங்கிய மாவீரன் வாளை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனால், அங்கே வெறும் குழாய்.

இதைக் கேட்டு அமெரிக்காக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நம் ஊரிலும் பல பள்ளிக்கூடங்களில் சோப்பு உண்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, எச்.எம். ரூம் பீரோவில் பத்திரமாக இருக்கும். வெளியே வைத்தால் பையன்கள் கரைத்துவிடுவார்களாம். சோப்பு பின்னே எதற்கு, பரம்பரைச் சொத்தா? இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு அது வெளியே வரும். நைலான் வலையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுவார்கள். வந்தவர் பார்த்துவிட்டுப் போனதும் வலையோடு அவிழ்த்து பீரோவுக்கே போய்விடும், ஒரு பக்கம்கூடத் தேயாமல்.

2008-ல் உலகத்துக்கு மறுபடி உற்சாகம் வந்தது. அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாள். இந்தியாவில் சச்சின் டெண்டுல்கரையே கூப்பிட்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கோடிக்கணக்கில் சேர்த்து நுரை பொங்கவைத்தார்கள். அக்டோபர் 16 என்ன நாள் தெரியுமா? உலக உணவு நாள். கழுவிவிட்டு ஒரு நாள் பொறுத்துத்தான் சாப்பாடு!

இதற்குள் ஆராய்ச்சிக்காரர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். சீனாவின் ஃபுஜியன் மாகாணத்துப் பள்ளிகளை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு ஒன்றும் கிடையாது. ஒரு கோஷ்டிக்குப் பாடம். மூன்றாவதற்குப் பாடத்தோடு குழாயடியில் தீரத் தீர சோப்பு, கூடவே யார் கழுவுகிறார்கள் என்று பார்க்க மாணவக் கண்காணிப்பாளர். போர்டில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுவானே, அதே கிளாஸ் லீடர்தான். 2007-ல் முடிவு வந்தது. மூன்றாவது கோஷ்டியில் லீவு நாட்கள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. பாடத்தைத் தயாரித்தது யார் என்கிறீர்கள்? லிங்கனைச் செதுக்கவைத்த அதே ப்ராக்டர் அண்ட் கேம்பிள். திருந்திவிட்டார்கள்.

கெய்ரோவில் 60 ஆரம்பப் பள்ளிகள். பாதிப் பள்ளிகளில் தினம் இரண்டு தடவை, முக்கால் நிமிஷம், கட்டாயக் கைகழுவல். அங்கே சளிக்காய்ச்சல் லீவு 40 சதவீதம், வயிற்றுப்போக்கு லீவு 30 சதவீதம், கண்வலி லீவு 67 சதவீதம் குறைந்தன. கண்வலி ஏன் இவ்வளவு என்று கேட்காதீர்கள். பையன்களின் கை நாள் முழுக்க எங்கே இருக்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள்.

நியூசிலாந்துக்காரர்கள் ஹைடெக். 68 பள்ளிகளில் பாதிக்கு வகுப்புக்கு வகுப்பு சானிடைசர் மாட்டினார்கள். லீவு ஒரு துளியும் குறையவில்லை. ஆராய்ச்சி செய்த 2009-ல் பன்றிக்காய்ச்சல் பீதி வந்துவிட்டது. சானிடைசர் இல்லாத பள்ளிகளிலும் பயத்தில் எல்லோரும் பரபரவென்று தேய்த்துக் கழுவியிருக்கலாம் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் ஊகம். பீதி சும்மாவே கிடைக்கும்போது சானிடைசர் எம்மாத்திரம்?

எனக்குப் பிடித்தது வங்கதேசத்து ஆராய்ச்சிதான். இரண்டே ஆரம்பப் பள்ளிகள். கக்கூஸிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளில் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் நூற்றுக்கு 4 பேர். குழாய் மேடை கட்டி சோப்பை வைத்தார்கள். கக்கூஸிலிருந்து அங்கே வரைக்கும் கலர் கலராக ஒரு பாதை. பாதையில் குட்டிக் குட்டிப் பாதச் சுவடுகள், மேடையில் உள்ளங்கை அச்சுகள். அவ்வளவுதான். லெக்சர் கிடையாது, போஸ்டர் கிடையாது, பட்டம் கிடையாது, சச்சின் கிடையாது. பிள்ளைகள் சுவடு மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டி வந்து, அச்சு இருக்கிறதே என்று கையை நீட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்கு 74 பேர்.

செலவு கொஞ்சம் பெயின்ட். டப்பாவில் மிச்சம் இருந்தால் ஸ்டாஃப் ரூம் வாசலிலிருந்தும் குழாயடிக்கு ஒரு வரிசை அடித்துவிடலாம். பாதம் மட்டும் கொஞ்சம் பெரிய சைஸில், எட்டாம் நம்பர் செருப்புக்குத் தோதாக.